கசிவுத் தண்ணீர்

வீட்டு வேலியை ஒட்டி ஓடும் வாய்க்கால் கட்டின் அடியில் குந்தியிருந்து கதிர்காமநாதன் ஜாம் போத்தலைக் கசிவுக்குள் சரித்துப் பிடித்தார். புல்லின் வேர்களுக்கிடையிலிருந்து நூல் போல வடிகிற தண்ணீர். போத்தல் நிறையும்வரை பொறுத்திருந்து, எழுந்து, கிழக்கே திரும்பி, அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். தெளிவாக இருந்தது. தூரத்துப் பனை அதற்குள் வளைந்து தெரிந்தது. தண்ணீரை ஊற்றிவிட்டு நாலடி நடந்தவர் நின்றார். பனை வளைந்து தெரிந்தது இன்றைக்கா, நேற்றா? இப்போது பார்த்தேனா, பார்க்கப் போகிறேனா? திரும்பி வந்து மறுபடியும் குந்தி, போத்தலை மறுபடியும் சரித்தார்.

மண்ணால் கட்டிய கட்டு கசியத்தான் செய்யும். கசிவு தெளிந்து வந்தால் பயமில்லை. கலங்கி வந்தால்தான் பயம்; கட்டு உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். மேலே புல் பச்சையாக நிற்கும். மாடு நடந்தாலும் தாங்கும். உள்ளே மண் தன் பாட்டில் போய்க்கொண்டிருக்கும். ஒருநாள் கட்டு இருந்த இடத்தில் கட்டு இராது. கண்டாவளைப் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீரை முறை வைத்துப் பிரித்துவிடுகிற வட்டவிதானை அவர். விடியக் காலையில் இந்தக் கசிவைப் போத்தலில் பிடித்துப் பார்ப்பது சுவாமி கும்பிடுவது போல அவருக்குப் பழகிப்போன வேலை. அதைச் செய்தோமா என்று ஒருநாளும் அவர் யோசித்ததில்லை. யோசிக்கத் தொடங்கியது போன கிழமைதான்.

இரண்டாம் தடவையும் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. ஆனால் மனம் தெளியவில்லை.

போன கிழமை அவர் அக்கா கமலாசனியைச் சைக்கிள் கரியரில் இருத்தி, விழாமல் ஒரு கையால் பின்னுக்குப் பிடித்தபடி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். கமலாசனிக்கு வயது அறுபதுகூட ஆகவில்லை. தொண்ணூற்றாறில் கிளிநொச்சியை விட்டு எல்லோரும் ஓடியபோது, வழியில் அவவுக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்தது. காயம் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு தம்பி வீட்டோடு வந்து இருந்தவ, கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் கைவிட்டா. முதலில் சாமான் வைத்த இடம், பிறகு நாள் கிழமை, பிறகு ஆட்களின் பெயர், கடைசியில் புருஷன் செத்துப்போன செய்தி. ஷெல் அதிர்ச்சி என்று வீட்டில் சொன்னார்கள். ஊரும் அப்படியே சொன்னது. வன்னியில் அந்த நாட்களில் பிள்ளைக்குப் பேச்சு வரப் பிந்தினாலும், ஆம்பிளைக்குக் கை நடுங்கினாலும் அது ஷெல்லின் கணக்கில்தான் போய்ச் சேர்ந்தது. பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து யாரும் அப்படிச் சொல்லவில்லை. சண்டை இவ்வளவையும் கெடுத்திருக்கும்போது இதையும் அதுதான் கெடுத்திருக்கும் என்று நம்பினார்கள்.

டொக்டர் சுமித்திரா இளம் பிள்ளை. தகரக் கொட்டிலுக்குள் வியர்த்துக்கொண்டு இருந்தா. கமலாசனியிடம் கதைத்துப் பார்த்துவிட்டு, அவவை வாங்கில் இருக்க விட்டு, கதிர்காமநாதனைக் கேட்டா.

“ஐயா, கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட முந்தி அவா நல்லா இருந்தவாவோ?”

“ஓம். நல்லா...” என்று தொடங்கியவர் நிறுத்தினார். அதற்கு முந்தைய வருஷம் அத்தான், அக்காவின் புருஷன், அவரிடம் சொன்னது நினைவு வந்தது. ‘மச்சான், உன்ர கொக்கா சந்தையில இருந்து வீட்டுக்கு வாற வழி தெரியாமல் நிண்டவள்.’ அப்போது இரண்டு பேரும் சிரித்தார்கள்.

“உங்கட அப்பா அம்மாவில ஆருக்கும் இப்பிடி?”

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்குக் காணி எடுத்து வந்தவர். ஐம்பத்தைந்து வயதில், நல்ல உடம்போடு இருக்கும்போதே, தன் வயலைத் தெரியாமல் அடுத்தவன் வயலில் போய் நின்றவர். குளத்தடி முனி அடித்துவிட்டது என்று நூல் கட்டினார்கள். அப்போது வன்னியில் ஒரு ஷெல்லும் விழுந்திருக்கவில்லை.

அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். டொக்டர் கைவிரலால் மேசையில் ஒரு குழாய் கீறிக் காட்டினா. மூளைக்குள் ஓடுகிற இரத்தக் குழாய்களின் சுவர் ஒரு காவல் மாதிரி. வேண்டியதை உள்ளே விடும், கூடாததை மறிக்கும். சில பேருக்கு அந்தச் சுவர் நேரத்தோடு கசியத் தொடங்குகிறது, மறதி வர முந்தியே அது தொடங்கிவிடுகிறது போல என்று வெளிநாடுகளில் இப்போது ஆராய்கிறார்கள். தாய் தகப்பனிடமிருந்து வருகிற பரம்பரையலகில் ஒரு வகை இருந்தால் இந்த மறதி வருத்தம் வருகிற வாய்ப்புக் கூடுகிறது.

“கசிவெண்டால் வாய்க்கால் கட்டுக் கசியிற மாதிரியோ, டொக்டர்?”

“ஓம், அப்பிடித்தான் வையுங்கோவன்.”

“தெளிஞ்ச கசிவோ, கலங்கின கசிவோ?”

அவவுக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். அவ மெல்லச் சிரித்தா. பிறகு சிரிப்பை விட்டா. “அதைப் பாக்கிற கருவி இஞ்ச இல்லை, ஐயா. கொழும்பில இருக்கோ எண்டும் எனக்குத் தெரியாது.”

“அப்ப எனக்கும் வரும்.”

“வரலாம். வராமலும் விடலாம். அந்த அலகு இருக்கிற எல்லாருக்கும் வாறேல்லை. இல்லாத ஆக்களுக்கும் வந்திருக்கு.”

“பிள்ளைக்கு?”

“அதுக்கும் அதே பதில்தான்.” டொக்டர் எழுந்து வந்து கமலாசனியின் சேலைத் தலைப்பைச் சரிசெய்து விட்டா. “ஐயா, பாத்துப் பாத்து உங்களையே வருத்தாதேங்கோ. அவாவை நல்லாத்தான் வைச்சிருக்கிறியள். தலை இழுத்து, பொட்டு வைச்சு... அது போதும்.”

அது போதவில்லை. அன்றிலிருந்து அவர் தன்னைத்தானே காவல் காக்கத் தொடங்கினார். எந்த வயலுக்கு எப்போது முறை என்பதை அவர் ஒருநாளும் எழுதி வைத்ததில்லை. இருபது வருஷமாக எல்லாம் தலைக்குள்தான். அதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது. இப்போது படுக்கும்போதும் சாப்பிடும்போதும் முறையை முதலிலிருந்து கடைசி வரை மனதுக்குள் ஒப்புவித்துப் பார்த்தார். எங்கேயாவது தட்டினால் திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். சைக்கிளைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்தார். மறுபடியும் வந்து இழுத்துப் பார்த்தார்.

“என்னப்பா, பூட்டைப் பிடுங்கிப் போடுவியள் போல கிடக்கு” என்றாள் மனைவி விமலேஸ்வரி.

டொக்டர் சொன்னதை அவளுக்குச் சொல்லியிருந்தார். அவள் கேட்டுவிட்டு அடுப்பை ஊதினாள். நெடுநேரம் ஊதினாள். பிறகு, “இதை வெளியில ஒருத்தருக்கும் கதைக்காதேங்கோ. பிள்ளைக்குச் சம்பந்தம் பேசி வந்திருக்கிற நேரம்” என்றாள்.

மகள் யதுர்ஷிகா முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். தர்மபுரத்துத் தங்கராசாவின் மகன் பிரதாபனுக்குச் சாதகக் குறிப்புப் பொருந்தியிருந்தது. சங்கக்கடையில் வேலை, குடிவெறி இல்லாத பெடியன். இன்றைக்குத்தான் அவர்கள் வருகிறார்கள்.

அக்காவை என்ன செய்வது என்று முதல் நாளே முடிவாகியிருந்தது. வாய்க்காலின் கடைசியில் மீனம்மாவின் வீடு. மலையகத்திலிருந்து வந்து, காடு வெட்டி, கடைசித் துண்டு நிலத்தில் நெல் விதைக்கிற குடும்பம். மீனம்மா வந்து கமலாசனியின் கையைப் பிடித்தாள்.

“நீங்க கவலப்படாதீங்கய்யா. அம்மா எங்க வூட்டுல இருக்கட்டும். நல்ல காரியம் நடக்கட்டும்.”

கமலாசனி வானத்தைப் பார்த்தா. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. “மழை இருட்டுது. நெல்லு அள்ளியாச்சோ?”

அவ நாள் முழுக்கக் கேட்கிற ஒரே கேள்வி அதுதான். எப்போதோ, எந்த முற்றத்திலோ காயப்போட்ட புழுங்கல் நெல். விமலேஸ்வரி “மழையும் இல்லை, நெல்லும் இல்லை மச்சாள்” என்று சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டாள். அப்படிச் சொல்லும்போதெல்லாம் கமலாசனியின் பதற்றம் கூடியது. மீனம்மா மட்டும் வேறு மாதிரிச் சொன்னாள்.

“அள்ளியாச்சும்மா. மூடியாச்சு. வாங்க போவோம்.”

கமலாசனியின் தோள் இறங்கியது. குழந்தை மாதிரிக் கூடப் போனா. யதுர்ஷிகா படலையடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தங்கராசா, மனைவி சிவலட்சுமி, பிரதாபன், மூன்று பேரும் இரண்டு சைக்கிளில் வந்தார்கள். தங்கராசா பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. கதிரையில் இருக்கும்போதே, “விதானையார், கடைசி வயலுக்கும் ஒழுங்காத் தண்ணி விடுற ஒரே விதானை நீங்கள்தான் எண்டு கேள்வி. அந்த வீட்டில பொம்பிளை எடுக்கலாம் எண்டுதான் வந்தனான்” என்றார். கதிர்காமநாதனுக்கு அந்தப் புகழ்ச்சி எங்கோ குத்தியது. ஏன் என்று பிடிபடவில்லை. பயற்றம் பணியாரமும் தேத்தண்ணியும் வந்தன. யதுர்ஷிகா தட்டை நீட்டும்போது பிரதாபன் நிமிர்ந்து பார்த்து, உடனே குனிந்து, எடுத்த பணியாரத்தைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் குண்டு போடுகிற கிபிர் விமானத்தின் சத்தம் கேட்டது.

யாரும் கத்தவில்லை. பழகிய கால்கள் தாமாகவே எழுந்து முற்றத்து வேம்பின் கீழ் பதுங்குகுழியாக வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்கின. உள்ளே குளிர்ந்த மண். சம்பந்தம் பேச வந்தவர்களும் பேச இருந்தவர்களும் முழங்கால் முட்ட ஒருவர் மடியில் ஒருவர் மாதிரி ஒடுங்கியிருந்தார்கள். “பொம்பிளையை வடிவாப் பாக்க முந்திப் பங்கரைப் பாத்திட்டம்” என்றார் தங்கராசா. “பங்கர் நல்லாயிருக்கு. பொம்பிளையும் நல்லாத்தான் இருக்கும்.” சிவலட்சுமி அவரை முழங்கையால் இடித்தா. இருட்டுக்குள் சிரிப்பு எழுந்தது. கதிர்காமநாதன் சிரிக்கவில்லை. மீனம்மாவின் பங்கர் சின்னது. அக்கா அதற்குள் இறங்க மாட்டா. இருட்டைக் கண்டால் குழறுவா. இப்போது வெட்டைவெளியில் நின்று வானத்தைப் பார்த்து நெல்லு அள்ளியாச்சோ என்று கேட்டுக்கொண்டிருப்பா. அவருடைய கால் தானாக வாசலுக்கு நகர்ந்தது.

தங்கராசா அவர் தோளைப் பிடித்தார். “என்ன, அக்காவை நினைக்கிறியளோ? எனக்குத் தெரியும். விசாரிக்காமலோ வந்தனாங்கள்? ஷெல் அதிர்ச்சியாமே. பாவம். அதுக்கு நீங்கள் என்ன செய்யிறது? சண்டை செய்த வேலை. எங்கட குடும்பத்தில இல்லாத காயமோ. அதை நாங்கள் ஒரு குறையா எடுக்கமாட்டம், என்ன சிவலட்சுமி?”

“சேச்சே” என்றா சிவலட்சுமி. “பரம்பரை வருத்தம் எண்டாத்தான் யோசிக்க வேணும்.”

தூரத்தில், ஆனையிறவுப் பக்கமாக, இரண்டு தடவை நிலம் அதிர்ந்தது. மேலிருந்து மண் உதிர்ந்து எல்லோர் தலையிலும் விழுந்தது. அந்த இருட்டில் கதிர்காமநாதன் தலையை ஆட்டினார். ஆட்டியது யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் தங்கராசாவின் கை இன்னும் அவர் தோளில் இருந்தது; அந்தக் கைக்குத் தெரிந்திருக்கும்.

அவர்கள் போகும்போது நல்ல மனதோடு போனார்கள். நாள் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்கள். விமலேஸ்வரி சுவாமிப் படத்துக்கு முன்னால் கண்ணை மூடி நின்றாள். கதிர்காமநாதன் சால்வையைக் கதிரையில் போட்டுவிட்டு வாய்க்கால் கட்டு வழியே ஓட்டமும் நடையுமாகப் போனார்.

கமலாசனி மீனம்மாவின் பங்கர் வாசலில், பாதி உள்ளும் பாதி வெளியுமாக இருந்தா. மீனம்மா வெளியே, அவவுக்கும் வானத்துக்கும் நடுவில் இருந்தாள். “உள்ள வரமாட்டேன்னுட்டாங்க. அதான் நான் இப்புடி மறைச்சுக்கிட்டு உக்காந்துட்டேன்” என்றாள், பாயை மாற்றிப் போட்டேன் என்பது போல.

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தவர், அவளுக்குப் பின்னால் இருந்த வயலைப் பார்த்தார். மண் வெடித்திருந்தது. இன்றைக்குக் கடைசி வயல்களின் முறை. விடியவே வாய்க்காலின் மேல் கதவை இறக்கி இந்தப் பக்கக் கதவைத் தூக்கியிருக்க வேண்டும். அவர் செய்யவில்லை. போத்தலை இரண்டு தடவை பிடித்துப் பார்த்த அதே காலையில், இதை ஒரு தடவையும் நினைக்கவில்லை. தங்கராசாவின் புகழ்ச்சி ஏன் குத்தியது என்று இப்போது தெரிந்தது.

“மீனம்மா, தண்ணி...”

“வரலீங்கய்யா. நீங்க பரபரப்புல இருப்பீங்கன்னு தெரியும். நாளைக்கு வுட்டாப் போச்சு.”

“நீ போய்க் கதவைத் தூக்கியிருக்கலாமே?”

அவள் சிரித்தாள். “நான் தூக்கினா தண்ணி திருடுறானுங்கன்னு சொல்லிப்புடுவாங்கய்யா.”

அவர் அப்போதே போய்க் கதவைத் தூக்கினார். தண்ணீர் மெதுவாகத் தலையைத் தூக்கி, தூசியை உருட்டிக்கொண்டு கடைசி வயலைப் பார்த்துப் போனது. அது வெடிப்புகளுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இது எந்த மறதி? கலியாண வீட்டுப் பதற்றத்தில் எவனுக்கும் வருகிற மறதியா, அப்பாவுக்கு வந்ததா? எதைக் கொண்டு பிரித்துப் பார்ப்பது? தலைக்குள் ஊறுவதை வெயிலில் பிடித்துப் பார்க்க ஒரு போத்தல் இல்லை. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அவருடைய அக்காவை ஒளித்துவைக்க இடம் தந்தவளின் வயல்தான் காய்ந்தது. கிபிர் வந்தபோது அக்காவுக்கு மறைப்பாக இருந்ததும் அவர் வீட்டு ஆள் இல்லை.

வீட்டில் விமலேஸ்வரி குசினி அடுப்படியில் நின்று சீதனக் காணியின் உறுதிப் பத்திரத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தாள். கதிர்காமநாதன் கமலாசனியின் காலைக் கழுவி விட்டார். விரல்களுக்கிடையில் பங்கர் மண் ஒட்டியிருந்தது. யதுர்ஷிகா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். ஊற்றியபடியே சொன்னாள்.

“அப்பா, டொக்டர் என்ன சொன்னவா எண்டு எனக்கும் தெரியும். அம்மாவோட கதைக்கேக்க கேட்டனான்.”

அவர் தலை நிமிரவில்லை.

“எனக்கும் வரலாம், என்ன?”

“வராது பிள்ளை. ஏன் உப்பிடிக் கதைக்கிறாய்?”

“வரலாமெண்டுதான் அவா சொன்னவா.” அவள் குரலில் அழுகை இல்லை. முன்பள்ளியில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற குரல் அது. “இண்டைக்கு மாமியை மீனம்மாக்கா வீட்டில ஒளிச்சனாங்கள். நாளைக்கு எனக்கு வந்தா, அவர் என்னைக் கொண்டுபோய் ஆரின்ர வீட்டில ஒளிப்பார், அப்பா?”

குசினிக்குள் விமலேஸ்வரியின் பேச்சு நின்றது.

“எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு” என்றாள் யதுர்ஷிகா, இன்னும் மெல்ல. “அதுதான் அவையளுக்குச் சொல்லச் சொல்லுறன்.”

கமலாசனி அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. “இந்தப் பிள்ளை ஆரின்ர பிள்ளை? வடிவாயிருக்கு” என்றா.

அடுத்த நாள் காலை அவர் கசிவுத் தண்ணீரைப் பார்க்கவில்லை. போத்தலைச் சைக்கிள் ஹாண்டிலில் கட்டிய பையில் போட்டபடி நேரே தர்மபுரத்துக்கு வெளிக்கிட்டார். விமலேஸ்வரி படலைவரை வந்தாள். தடுக்கவுமில்லை, போங்கோ என்று சொல்லவுமில்லை. “வெயிலுக்குச் சால்வையைத் தலையில போடுங்கோ” என்று மட்டும் சொன்னாள். அவளுக்கும் இரவு நித்திரை இல்லை என்பது அவள் கண்ணில் தெரிந்தது.

கிரவல் ரோட்டில் குழிகளைச் சுற்றிச் சுற்றி மிதித்தார். வழியில் மரத்தடிப் பிள்ளையார். இறங்கி, செருப்பைக் கழற்றி, குட்டிக் கும்பிட்டார். இந்தக் கலியாணம் நடக்க வேண்டும் என்று கேட்க நினைத்துத்தான் கைகூப்பினார். அந்த வேண்டுதல் வாயில் வரவில்லை. சொல்ல வேண்டியதைக் குழப்பாமல் சொல்ல வேண்டும், அதற்குள் எதையும் மறந்துவிடக்கூடாது என்று கேட்டார். திருநீறு எடுத்துப் பூசினார். சைக்கிளில் ஏறிக் கொஞ்சத் தூரம் போன பிறகு, செருப்பைப் பிள்ளையாரடியிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. நின்றார். திரும்பி வந்து எடுக்கும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பின் அடியில் பயமும் வந்தது. இரண்டையும் சுமந்துகொண்டு மிதித்தார்.

தங்கராசா மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். “அட, விதானையார்! நாள் வைக்க முந்தியே சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்திட்டியள்!” என்று சத்தமாக வரவேற்றார். சத்தம் கேட்டுச் சிவலட்சுமி வெளியே வந்தா. சங்கக்கடைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த பிரதாபன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான்.

கதிர்காமநாதன் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார்.

“அண்ணை, நேற்றுப் பங்கருக்குள்ள நான் தலையாட்டினனான். அது பிழை. அக்காவுக்கு ஷெல்லால இல்லை. ஷெல் விழ முந்தியே தொடங்கினது. என்ர அப்பருக்கும் இருந்தது. இது இரத்தத்தில வாறதா இருக்கலாம் எண்டு டொக்டர் சொல்லுறா. எனக்கு வரலாம். என்ர பிள்ளைக்கும் வரலாம். வராமலும் விடலாம். அதுக்கு மேல ஒருத்தருக்கும் தெரியாதாம்.”

சொல்லி முடிந்ததும், எதையாவது விட்டுவிட்டேனா என்று மனதுக்குள் தேடினார். “எங்களுக்கும் போன கிழமைதான் தெரியும். தெரிஞ்சும் நேற்று அக்காவை வேற வீட்டில விட்டனாங்கள்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

தங்கராசாவின் கையிலிருந்த வைக்கோலை மாடு இழுத்தது. அவர் விடவில்லை, விட வேண்டும் என்று தோன்றவில்லை. அவருடைய பெரிய முகத்தில் நேற்றைய சிரிப்பைக் காணவில்லை. கோபமும் இல்லை. கணக்குப் போடத் தெரியாத மாணவன் கரும்பலகையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

“இதை நீங்கள் சொல்லாட்டி எங்களுக்குத் தெரிஞ்சிராது” என்றார் கடைசியில்.

“ஓம்.”

“பிறகேன் நீர் சொன்னனீர்?” ‘நீங்கள்’ போய் வந்த அந்த ‘நீர்’ என்ற சொல்லில் ஒரு வலி இருந்தது. “நான் நிம்மதியா இருந்தனான்.”

கதிர்காமநாதன் சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். சிவலட்சுமி உள்ளே போனா. பிரதாபன் சைக்கிள் மணியின் மூடியைத் திருகிக்கொண்டே நின்றான். பிறகு ஏறி மிதித்துப் போய்விட்டான். அவன் போன பக்கத்தை ஒருவரும் பார்க்கவில்லை. சிவலட்சுமி திரும்பி வந்தபோது கையில் தேத்தண்ணியும் உள்ளங்கையில் ஒரு துண்டுப் பனங்கட்டியும் இருந்தன.

“வெயிலுக்கை வந்திருக்கிறியள். குடியுங்கோ” என்றா. அவர் குடித்தார். அவர் குடித்து முடிக்கும்வரை அவ எதிரிலேயே நின்றா. “அக்காவை இப்ப ஆர் பாக்கினம்?”

“பிள்ளைதான். இண்டைக்கு முன்பள்ளி இல்லை.”

“ம்” என்றா. வெறும் கோப்பையை வாங்கிக்கொண்டா. அவ்வளவுதான். தங்கராசா படலைவரை வந்து, சைக்கிளைப் பிடித்துத் தந்து, “யோசிப்பம்” என்றார். அது ஓமா இல்லையா என்று முகத்தைப் பார்த்தால் தெரியும் என்று பார்த்தார் கதிர்காமநாதன். தங்கராசாவுக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை.

திரும்பி வரும் வழியில் முறையை மனதுக்குள் ஒப்புவித்தார். ஓரிடத்திலும் தட்டவில்லை. அதில் வந்த மகிழ்ச்சி அடுத்த வளைவில் போய்விட்டது. சொன்னது சரியா? பிள்ளையின் வாழ்வை உடைத்துப் போட்டேனா? ‘சொல்லச் சொல்லுறன்’ என்றவள், வேண்டாம் என்ற பதில் வரும்போது எப்படி நிற்பாள்? நடக்காத ஒன்றுக்காக, ஒருவேளை நடக்கவே போகாத ஒன்றுக்காக, நடக்கிற ஒன்றைக் கெடுத்தேனா? இரணைமடுப் பக்கமிருந்து வந்த காற்று எதிர்க்காற்றாக அடித்தது. நெஞ்சில் இருந்ததைச் சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். அவருக்குக் குறையவில்லை. ஆனால் அந்தப் பாரம் இப்போது ஒளித்துத் தூக்குகிற பாரமாக இல்லை.

பகல் முழுக்க வாய்க்காலின் கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்ததில் வெயில் சாயத் தொடங்கியிருந்தது. வீட்டுக்குப் போகாமல் முதலில் கடைசி வயலுக்குப் போனார். மீனம்மாவின் வெடிப்புகள் மூடியிருந்தன. நெல்லின் அடியில் தண்ணீர் மினுங்கியது. அவள் வரம்பில் நின்று அவரைப் பார்த்து, அவருடைய வீட்டுப் பக்கமாகக் கையைக் காட்டினாள்.

கட்டு வழியே வந்தார். வேலிக்கு வெளியே, பூவரசில் ஒரு சைக்கிள் சாத்தியிருந்தது. ஹாண்டிலில் மணியின் மூடி கழன்று தொங்கியது.

அவர் உள்ளே போகவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம், கசிவுக்கு அருகில் நின்றுவிட்டார்.

“தம்பி, மழை இருட்டுது. நெல்லு அள்ளியாச்சோ?” கமலாசனியின் குரல்.

“மழை இல்லையே, மாமி. நல்ல வெயில்.” அது பிரதாபன்.

“இருட்டுதடா. நெல்லு நனையப் போகுது. அள்ளியாச்சோ?”

யதுர்ஷிகா ஏதோ சொன்னாள், அவருக்குக் கேட்கவில்லை. கமலாசனி மறுபடியும் கேட்டா, இந்த முறை குரல் உடைந்து. என்ன சொல்ல வந்தான் இவன்? வேண்டாம் என்பதைத் தகப்பன் வாயால் சொல்ல விடாமல் தானே வந்து சொல்கிற நல்ல பெடியனாகவும் இருக்கலாம். கதிர்காமநாதன் அந்தக் காத்திருப்பைத் தாங்க முடியாமல் பையிலிருந்து போத்தலை எடுத்தார். குந்தினார். கசிவுக்குள் சரித்துப் பிடித்தார்.

வேலிக்கு அப்பால் ஈர்க்குத் தும்புத்தடியின் சத்தம் கேட்டது. வெறும் முற்றத்தை யாரோ கூட்டுகிறார்கள். அது மகளின் கை இல்லை. அவள் கூட்டுகிற விதம் அவருக்குத் தெரியும். பழகாத கை. ஒரு கரையிலிருந்து தொடங்கி, நடுவை நோக்கி, நெல்லைச் சிந்தாமல் சேர்க்கிற மாதிரி, நீளமாக, மெதுவாக.

“அந்த மூலையில கொஞ்சம் கிடக்கு” என்றா கமலாசனி.

“ஓம் மாமி, எடுக்கிறன்.”

போத்தல் நிறைந்துவிட்டது. அவர் எழுந்து மேற்கே திரும்பி, அதைச் சாயும் வெயிலுக்கு நேரே தூக்கினார். அந்த அசைவில் அடியில் கிடந்த துகள்கள் எழும்பிச் சுழன்றன. அவை பையின் தூசியா, தர்மபுரத்து ரோட்டின் புழுதியா, கட்டின் மண்ணா என்று சொல்ல முடியவில்லை. கையை அசைக்காமல், மூச்சைக்கூட மெல்ல விட்டு, அவை அடங்கட்டும் என்று தூக்கிப் பிடித்தபடி நின்றார். முற்றத்தில் தும்புத்தடி இன்னும் கூட்டிக்கொண்டிருந்தது.